தேடி வருகிறவருக்குப் பதில் சொல்லாத கடைகள்

"வேலை கிடைக்கேல்லையெண்டால் ஒன்லைன்ல ஏதாவது தொடங்குங்கோவன்." இப்போது எல்லாரும் எல்லாருக்கும் சொல்லும் புத்திமதி இதுதான். பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கிறவருக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற தம்பிக்கும், தூள் இடித்து அயலுக்கு விற்கிற அக்காவுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. ஆனால் "சரி, எப்பிடித் தொடங்கிறது?" எண்டு கேட்டால் வருகிற பதில் அநேகமாக ஒரே அச்சில்தான் இருக்கும்: பேஸ்புக்கில் ஒரு பக்கம், அதற்கு ஒரு லோகோ, ஒரு வட்ஸ்அப் இலக்கம், பிறகு கொஞ்சக் காசு போட்டு ஒரு பூஸ்ட்.

இந்தப் பட்டியலில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. உங்களிடம் இருக்கிற பொருளை ஏற்கெனவே எங்கேயோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார். அப்படித் தேடுகிற நேரம் அவருக்கு என்ன கிடைக்கிறது? இதைக் கேட்காமல் தொடங்கின கடைகள்தான் எங்களைச் சுற்றி அதிகம். விளம்பரத்துக்கு முதல் விளக்கம் வேணும். அந்த விளக்கத்தை எங்கட சொல்லில், எங்களுக்குச் சொந்தமான ஒரு இடத்தில் எழுதி வைக்க வேணும். நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யாமல் விடுவதால் போகிறது ஆரோ ஒருவருடைய விளம்பரக் காசு மட்டும் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

மறிக்கிறதும் காத்திருக்கிறதும்

பேஸ்புக் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? ஒருவர் சொந்தக்காரரின் கலியாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடையில் உங்களுடைய மிளகாய்த்தூள் வந்து நிற்கிறது. அந்த நேரம் அவருக்குத் தூள் தேவையில்லை. பிடித்திருந்தால் ஒரு லைக் போட்டுவிட்டுப் போவார். றோட்டால் போகிற ஆளை மறித்து "அண்ணை, ஒருக்காப் பாருங்கோ" எண்டு கேட்கிற மாதிரித்தான் இது. சில பொருட்களுக்கு இது சரிவரும். பிறந்தநாள் கேக், புது டிசைன் உடுப்பு, கைவினைப் பரிசு மாதிரியான சாமான்களைக் கண்ணால் கண்டால்தான் ஆசை வரும்.

தேடுபொறியில் நிலைமை தலைகீழ். அங்கே கேள்விதான் முதலில் வருகிறது. கிளிநொச்சியில் தண்ணீர் மோட்டர் நின்றுபோன ஒருவர், திருத்துகிற ஆள் பக்கத்தில் இருக்கிறாரா எண்டு போனில் அடித்துப் பார்க்கிறார். ரொறன்ரோவில் இருக்கிற ஒரு பிள்ளை, அம்மம்மா காய்ச்சின கூழைத் தானும் ஒருக்காக் காய்ச்சிப் பார்க்க ஆசைப்பட்டு "ஒடியல் மா" எண்டு தேடுகிறது. இந்த இரண்டு பேரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள். இவர்களை மறிக்கத் தேவையில்லை. வந்து தட்டுகிற நேரம் கதவு திறந்திருந்தால் போதும்.

கூகுளை 1998 இல் லரி பேஜும் சேர்கி பிரினும் தொடங்கியபோது அவர்களிடம் இருந்த அடிப்படை யோசனை ஒன்றுதான். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் பெறுமதியைக் கணிக்கிற மாதிரி, ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து அதன் பெறுமதியைக் கணிக்கிறது. இன்றைக்கு அந்தக் கணக்கில் எத்தனையோ விசயங்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தேடுபொறி செய்வது இன்னும் மூன்று வேலைதான். பக்கங்களைப் போய் வாசிக்கிறது, வாசித்ததை அட்டவணைப்படுத்துகிறது, ஒருவர் கேட்கிறபோது பொருத்தமானதை முன்னுக்கு வைக்கிறது. முதலாவது வேலை நடக்காவிட்டால் மற்ற இரண்டும் இல்லை. வாசிக்க ஒன்றும் எழுதி வைக்காத கடையைத் தேடுபொறி எதை வைத்துக் காட்டும்?

அடுத்தவர் வளவில் போட்ட கொட்டில்

பேஸ்புக் பக்கம் ஒன்று இருக்கிறதுதானே, அது காணாதா எண்டு கேட்கலாம். எங்கட நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறவர்கள் சில திகதிகளை நினைத்துப் பார்க்க வேணும்.

2018 மார்ச்சில் கண்டி, திகன வன்முறையின்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. பேஸ்புக் திரும்பி வர ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு மறுபடியும் பல நாட்கள் முடக்கம். 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி உலகம் முழுக்க பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஆறு மணித்தியாலமளவில் படுத்துவிட்டன. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவில், அரசாங்கம் சமூக ஊடகங்களைத் திரும்பவும் முடக்கியது. அது ஒரு நாளைக்குள் நீங்கியது.

முடக்கம் சரியா பிழையா என்பது வேறு விவாதம். நாங்கள் இங்கே கேட்பது, அந்த நாட்களில் பேஸ்புக்கில் மட்டும் கடை வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான். பொருள் வீட்டில் இருந்தது, வாங்குகிறவரும் இருந்தார், ஆனால் கடை மட்டும் இல்லை. அதே நாட்களில் சாதாரண இணையத்தளங்கள் வழமைபோலத் திறந்துகொண்டுதான் இருந்தன.

முடக்கம் இல்லாத நாட்களிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. உங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிற எல்லாருக்கும் உங்கள் பதிவு போய்ச் சேர்வதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதை அந்தக் கொம்பனிதான் தீர்மானிக்கிறது. கூடப் பேருக்குக் காட்ட வேணுமெண்டால் காசு கட்ட வேணும். கணக்கை யாராவது களவெடுத்துவிட்டால், வருசக்கணக்காகச் சேர்த்த வாடிக்கையாளர்களும் அதோடு போய்விடுவார்கள். அடுத்தவர் வளவில் கொட்டில் போட்டு வியாபாரம் செய்வது பிழையில்லை. ஆனால் அதுதான் எங்களிடம் இருக்கிற ஒரே கடை எண்டால், வளவுக்காரர் படலையைப் பூட்டுகிற நாளில் எங்களுக்கு நிற்க இடமிருக்காது.

சொந்த இடம் எண்டவுடனே பெரிய செலவை நினைக்க வேண்டாம். வருசத்துக்கு ஒருக்காக் காசு கட்டுகிற ஒரு இணைய முகவரியும், நாலைந்து பக்கங்களும் இருந்தால் தொடங்கலாம். டொட் எல்கே முகவரி கிடைக்கிறது. "டொட் இலங்கை" என்று தமிழிலேயே முடிகிற முகவரி 2010 இலிருந்து இருக்கிறது. அதைப் பாவிக்கிற தமிழ்க் கடை ஒன்றைக் காண்பதுதான் கஷ்டம்.

இருந்தும் வாசிக்க ஏலாத தமிழ்

இனி எங்கட பிரச்சினைக்கு வருவோம். தமிழில் விற்கிறவர்கள் குறைவில்லை. ஆனால் அவர்கள் எழுதுகிற தமிழ் தேடுபொறியின் கண்ணுக்கு எட்டுகிற விதத்தில் இல்லை.

முதலாவது காரணம், எழுத்தைப் படத்துக்குள் வைப்பது. பொருளின் பெயர், விலை, விளக்கம் எல்லாவற்றையும் ஒரு வடிவான போஸ்டரில் போட்டு, அந்தப் படத்தை மட்டும் பதிவிடுகிறார்கள். பதிவின் மேல் இரண்டு இதயமும் ஒரு நெருப்பும். மனிதருக்கு அது போஸ்டர். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் ஒரு படம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் எங்கட ஊர் அச்சகங்களின் சொத்தான பாமினி எழுத்துரு. யூனிகோடில் 1991 இலிருந்தே தமிழ் இருக்கிறது. ஆனாலும் கலியாணக் காட்டிலிருந்து மரண அறிவித்தல் வரை பாமினியில் தட்டின பழக்கத்தில், அதே கோப்பை அப்படியே இணையத்திலும் போட்டுவிடுகிறோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற ஒரு எழுத்துரு. போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். உங்களுக்கு "யாழ்ப்பாணம்" எண்டு தெரிவது, இயந்திரத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லாத எழுத்துக் குவியல். இணையத்தில் போகிற ஒவ்வொரு வரியும் யூனிகோடில் இருக்க வேணும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது: எங்கட சொற்கள். தமிழில் எழுதப்பட்ட பக்கங்களில் மிகப் பெரிய பங்கு தமிழ்நாட்டினுடையது. அது இயல்பு. ஆனால் அதனால் நடப்பது என்னவெண்டால், தமிழில் தேடுகிற எங்கட ஆட்களுக்கு அந்தக் கடைகளும் அந்தச் சமையல் குறிப்புகளும் அந்த விலைகளும்தான் முன்னுக்கு வருகின்றன. நாங்கள் கச்சான் என்பது அங்கே வேர்க்கடலை. எங்கட சவர்க்காரம் அங்கே சோப்பு, கதிரை நாற்காலி, சாரம் லுங்கி. மருதமுனையில் நெய்த சாறியை விற்கிற ஒருவர் "கைத்தறிச் சேலை" எண்டு மட்டும் எழுதினால், காஞ்சிபுரத்தோடும் சேலத்தோடும் போட்டி போட வேணும். "மருதமுனைக் கைத்தறிச் சாறி" எண்டு எழுதி, எந்த நூல், எத்தனை முழம், எப்படித் தோய்க்க வேணும், எத்தனை நாளில் கிடைக்கும் எண்டு விளக்கினால், அந்தச் சொல்லில் அவரோடு போட்டி போட ஆட்கள் குறைவு.

சின்னக் கடைக்குத் தேடுபொறி கொடுக்கிற வாய்ப்பு இதுதான். "மிளகாய்த்தூள்" எண்ட ஒற்றைச் சொல்லில் பெரிய கொம்பனிகளை நாங்கள் வெல்லப் போவதில்லை. "யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூள், கொழும்புக்கு டிலிவரி" என்கிற நீளமான தேடலில் வெல்லலாம். அப்படித் தேடுகிறவர்கள் குறைவுதான். ஆனால் வாங்குகிற எண்ணத்தோடு தேடுகிறவர்கள் அவர்கள்.

எழுதும்போது இன்னொன்றையும் பார்க்க வேணும். மிளகாய்த்தூள், மிளகாய் தூள், மிளகாத்தூள் எண்டு ஒரே பொருளைச் சனம் பலவிதமாகத் தட்டுகிறது. பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். சாவகச்சேரியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் எண்டு உங்கட நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கோ. புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கதைக்கத் தெரிந்தாலும் தட்டச்சு வராது. அதனால் தமிழ்ப் பக்கம் ஒன்று, ஆங்கிலப் பக்கம் ஒன்று, முடிந்தால் சிங்களப் பக்கம் ஒன்று. சொற்களைப் பொட்டலம் கட்டின மாதிரி அடுக்கத் தேவையில்லை. வசனத்துக்குள் இயல்பாக வந்தால் போதும்.

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேணும்

பேச்சாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு உதாரணம் எடுப்போம். ஒடியல் மா விற்கிற ஒரு அக்கா இருக்கிறார் எண்டு வைத்துக்கொள்ளுவம். இப்போது அவருடைய பதிவு இப்படி இருக்கும்: "தரமான ஒடியல் மா. விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ."

இந்த "இன்பொக்ஸ் வாங்கோ" பற்றி முதலில் ஒரு வார்த்தை. விலையை மறைப்பதால் வியாபாரம் கூடும் எண்டு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. விலையைக் கேட்கக் கூச்சப்படுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லுவினமோ எண்டு சந்தேகப்படுகிற ஆட்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் பேசாமல் போய்விடுவார்கள். விலையை எழுதுங்கோ. மாறினால் மாற்றி எழுதுங்கோ.

சரி, ஒடியல் மாவுக்கு வருவோம். அதைத் தேடுகிறவருக்கு என்னென்ன கேள்வி இருக்கும்? ஒடியலுக்கும் புளுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம்? பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புளுக்கொடியல். இது அக்காவுக்குத் தெரியும், வாங்க வருகிற இளம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. கூழுக்கு மாவை நேராகக் கரைக்கலாமா, ஊறவிட வேணுமா? தண்ணீரில் ஊறவிட்டு மேல் தண்ணீரை ஊற்றினால்தான் கசப்புக் குறையும். அரைக் கிலோ மாவில் எத்தனை பேருக்குக் கூழ் காய்ச்சலாம்? எவ்வளவு காலம் வைத்துப் பாவிக்கலாம்? எந்த ஊர்க் கிழங்கு? எங்கே எல்லாம் அனுப்புவீர்கள், எத்தனை நாள் எடுக்கும், அனுப்புகிற செலவு எவ்வளவு?

இந்தக் கேள்விகளுக்கு அக்காவே தன்ர சொல்லில் பதில் எழுதினால், அல்லது அவர் சொல்லச் சொல்ல வீட்டில் இருக்கிற பிள்ளை எழுதினால், அதுதான் நல்ல பக்கம். கூழ் காய்ச்சுகிற முறையைத் தேடி வந்தவரும் அங்கே வருவார், வந்த இடத்தில் மாவும் இருக்கும். இதற்கு மார்க்கெட்டிங் பாசை ஒன்றும் தேவையில்லை. "உலகத்தரம்", "நம்பர் வன்" எண்ட சொற்களை யாரும் தேடுவதில்லை.

என்ன எழுதுவது எண்டு தெரியாவிட்டால் உங்கட வட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கோ. ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் அங்கே கிடக்கும். தேடல் பெட்டியில் பொருளின் பெயரைத் தட்டத் தொடங்கினால் கூகுள் தானாக நீட்டுகிற சொற்களும் மற்றவர்கள் தேடுகிறவைதான். இணையத்தளம் திறந்த பிறகு, கூகுளின் சேர்ச் கொன்சோல் என்கிற இலவசக் கருவி உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடலில் தென்பட்டது எண்டு காட்டும். படங்களைச் சின்னதாக்கிப் போடுங்கோ. டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிறவர் உங்கட பெரிய படம் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

முதலாம் இடம் விற்கிறவர்கள்

இந்தத் துறையில் எங்களுக்கு மிகக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. "முப்பது நாளில் கூகுளில் முதலாம் இடம், உத்தரவாதம்" எண்டு விற்கிறவர்களும், அதை ஒரு வார இறுதியில் கற்பித்துச் சான்றிதழ் தருகிறவர்களும்தான் அது. எஸ்.ஈ.ஓ. என்பது மந்திரம் மாதிரியும், மந்திரம் தங்களுக்கு மட்டும் தெரியும் என்பது மாதிரியும் கதைக்கிறார்கள். முதலாம் இடத்தை யாராலும் உத்தரவாதம் செய்ய முடியாது எண்டு கூகுளே தன்னுடைய வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

குறுக்குவழிகளுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவான வரலாறு. ஒன்றுமில்லாத கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தவர்களை 2011 இல் வந்த பண்டா மாற்றம் கீழே தள்ளியது. காசுக்கு இணைப்பு வாங்கினவர்களை 2012 இல் பெங்குவின் தள்ளியது. அதற்குப் பிறகும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. நேற்றுத் தந்திரம் விற்றவர் இன்றைக்கு வேறு தந்திரம் விற்கிறார். அடி விழுவது வாங்கினவரின் தளத்துக்கு.

ஐம்பது மூடை மா விற்றால் வருகிற லாபத்தை, நடக்காத ஒரு வாக்குறுதிக்குக் கொடுக்கிற நிலைமை இது. கடன் எடுத்துத் தொழில் தொடங்கின பெண்களை நுண்கடன் எங்கே கொண்டுபோய் விட்டது எண்டு வடக்குக்கும் கிழக்குக்கும் நன்றாகத் தெரியும். அதே ஆட்களுக்கு இப்போது விளம்பரச் செலவையும் "முதலீடு" எண்டு சொல்லி விற்கிறோம். எங்கட நிலைப்பாடு தெளிவானது: விளம்பரத்துக்காக ஒரு சதமும் கடன் எடுக்க வேண்டாம். முதலில் பக்கம். பிறகு பத்துப் பேர் வாங்கட்டும். அவர்கள் திரும்பி வருகிறார்களா எண்டு பார்த்துவிட்டு, லாபத்திலிருந்து கொஞ்சத்தை விளம்பரத்துக்குப் போட்டுப் பாருங்கோ. ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் அள்ளுவதற்குப் பெயர் மார்க்கெட்டிங் இல்லை.

காசும் கடதாசியும்

எழுத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிந்துகொள்ளுங்கோ. வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்கவும், பேஹியர் மாதிரியான உள்ளூர்க் கட்டணச் சேவைகளைப் பெறவும் அது உதவும். பேபாலில் எங்கட நாட்டுக்காரர்களால் நீண்டகாலமாகக் காசு கட்டத்தான் முடிந்தது, வாங்க முடியவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பித் தொடங்குகிறவர்கள் காசு எந்த வழியால் வரும் என்பதை முதலில் உறுதிசெய்ய வேணும். உள்ளூரில் பொருள் கைக்கு வந்த பிறகு காசு தருகிற முறைதான் சனத்துக்கு நம்பிக்கை. ஆனால் பார்சல் திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவு உங்கட தலையில். அதையும் விலையில் கணக்குப் பாருங்கோ.

ஆட்களை நேரில் சந்திக்கிற தொழில் எண்டால் கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். தையல், மோட்டர் திருத்துதல், கேக், ரியூசன், வாடகை வான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டிலிருந்து செய்கிற பெண்கள் வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்கிற பகுதியை மட்டும் காட்டலாம். நேரம், தொலைபேசி இலக்கம், உண்மையான படங்கள் இருக்கட்டும். வாங்கினவர்களிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கோ. ஆனால் மச்சானையும் மச்சாளையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுவிக்க வேண்டாம். அது வாசிக்கிறவருக்கும் விளங்கும், கூகுளுக்கும் விளங்கும்.

"இனி யார் கூகுள்ல தேடுறது?"

இதைச் சொன்னால் உடனே வருகிற மறுப்பு இது. இளம் ஆட்கள் டிக்டொக்கில் தேடுகிறார்கள். மற்றவர்கள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். கூகுளே 2024 இலிருந்து பக்கங்களுக்கு மேலே தானே பதிலை எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது. பதில் அங்கேயே கிடைத்தால் எங்கட பக்கத்துக்கு யார் வருவார்?

இந்தக் கவலை நியாயமானது. வருகிற ஆட்களின் தொகை குறையலாம். கூகுளும் ஒரு வளவுக்காரர்தான் என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. கணக்கை மாற்றினால் ஒரே இரவில் கடை பின்னுக்குப் போகும். அதனால்தான் வாங்கினவர்களின் பெயரையும் இலக்கத்தையும் அவர்களின் சம்மதத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறோம். எந்தக் கொம்பனி மாறினாலும் அந்தக் கொப்பி உங்களுடையது. டிக்டொக்கிலும் வீடியோ போடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லவில்லை. அதைப் பார்த்து வருகிறவர் நிலையாக வந்து நிற்க ஒரு இடம் இருக்கட்டும்.

ஆனால் அந்த மறுப்பு எங்கட வாதத்தை இன்னும் பலப்படுத்துகிறது எண்டுதான் நினைக்கிறோம். செயற்கை நுண்ணறிவு பதிலை வானத்திலிருந்து எடுப்பதில்லை. யாரோ எழுதி வைத்ததிலிருந்துதான் எடுக்கிறது. ஒடியல் கூழைப் பற்றி, மருதமுனை நெசவைப் பற்றி, மட்டக்களப்பு முந்திரியைப் பற்றி, அவற்றைச் செய்கிறவர்கள் எழுதாவிட்டால், ஒருக்காலும் செய்யாதவர்கள் எழுதினதை அது எங்களுக்கே சொல்லித் தரும். அரைகுறையாகத் தெரிந்தவர் எழுதினால் அந்த அரைகுறைதான் பதிலாக நிற்கும். அப்போது எங்கட பொருளுக்கு விலை சொல்கிறவரும் வேறு ஆள், பெயர் வைக்கிறவரும் வேறு ஆள்.

2005 இல் தொடங்கின நூலகம் திட்டத்தை நினைத்துப் பாருங்கோ. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, பெயர் எழுதி, பட்டியல் போட்டு வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கு ஒரு பழைய ஈழத்துப் புத்தகத்தைத் தேடினால் அது கிடைக்கிறது. புத்தகத்துக்குச் செய்ததை எங்கட உற்பத்திக்கும் யாராவது செய்ய வேணும். அதைப் பெரிய நிறுவனம் ஒன்று வந்து செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தட்டச்சுத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அந்த ஊரிலேயே நல்ல பொருள் செய்து, விற்க வழி தெரியாமல் கண்காட்சிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை வாசிக்கிற நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். "ஒன்லைன்ல தொடங்குங்கோ" எண்டு அடுத்த முறை ஒரு அக்காவுக்குச் சொல்லுகிறபோது, அதோடு ஒரு பின்னேரத்தையும் அவருக்குக் குடுங்கோ. அவர் சொல்லட்டும், நீங்கள் யூனிகோடில் தட்டுங்கோ. விலையையும் மறக்காமல் எழுதுங்கோ. பூஸ்ட் பட்டனை பிறகு பார்க்கலாம்.